வாசலில் ஒரு கணக்குப் பாடம்!

மார்கழி பிறந்தாச்சு. விடிந்தும் விடியாத நேரம். தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, வாசல் தெளித்து, கோலப்பொடி டப்பாவோடு உட்காருகிறீர்கள். புள்ளி வைத்து முடித்து, பாதிக் கோலம் இழுத்திருப்பீர்கள். அப்போதுதான் தூக்கக் கலக்கத்தோடு உங்கள் வீட்டு வாண்டு வந்து நிற்கும்.

"அம்மா, நானும் போடறேன்மா!"

நீங்கள் என்ன சொல்வீர்கள்? "பனியில நிக்காதே. கோலத்தை மிதிச்சுடாதே. உள்ளே போய் படிக்கற வேலையைப் பாரு!"

அவசரம் உங்களுக்கு. பால் பொங்க வேண்டும், குக்கர் வைக்க வேண்டும், டிபன் கட்ட வேண்டும். ஆனால் ஒரு நிமிஷம் யோசியுங்கள். "போய்ப் படி" என்று எந்தப் பாடத்துக்காக விரட்டுகிறீர்களோ, அந்தப் பாடத்தில் ஒரு பகுதி உங்கள் விரல் இடுக்கிலிருந்து தரையில் விழுந்துகொண்டிருக்கிறது!

அதன் பெயர் சமச்சீர். "அது ஏதோ பள்ளிக்கூடத் திட்டம் இல்லையா?" என்று கேட்காதீர்கள். கணக்குப் புத்தகத்தில் அந்தப் பெயரில் ஒரு பாடமே உண்டு. ஒரு படத்தை நடுவில் மடித்தால் இரண்டு பாதியும் ஒன்றின் மேல் ஒன்று அச்சாக உட்கார வேண்டும். அப்படி உட்கார்ந்தால் அந்தப் படம் சமச்சீர் உள்ளது. மடித்த கோட்டுக்கு சமச்சீர்க் கோடு என்று பெயர். அவ்வளவுதான் விஷயம்.

பட்டாம்பூச்சிக்கு இது உண்டு. பூவரச இலைக்கு உண்டு. 'ப' என்ற எழுத்துக்கு உண்டு, 'ட'வுக்குக் கிடையாது. நம் வாசல் கோலத்துக்கு? அம்மாக்களே, அதைத்தானே தினமும் போடுகிறீர்கள்!

என் வீட்டில் நடந்த தப்பு

இதை உபதேசமாக எழுதவில்லை. நானே செய்த ஒரு தப்பிலிருந்துதான் எழுதுகிறேன்.

என் பெண் ஒன்றாம் வகுப்பு படிக்கும்போது ஒரு மார்கழியில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். தாமரைக் கோலத்தில் ஒரே ஒரு இதழை அவளுக்குக் கொடுத்தேன். இடது பக்க இதழ் ஒல்லியாக இருந்தது. அவள் போட்ட வலது பக்க இதழ் கொழுக்கட்டை மாதிரி வந்தது. தெருவில் போகிறவர்கள் பார்ப்பார்களே என்று ஈரக் கையால் அதை அழித்து, நானே சரியாகப் போட்டுவிட்டேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. பேசாமல் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

அடுத்த மார்கழி அவள் வாசலுக்கே வரவில்லை. நானும் கவனிக்கவில்லை.

மூன்றாம் வகுப்பில் ஒரு நாள் வீட்டுப்பாட நோட்டைக் கொண்டுவந்து நீட்டினாள். பாதிப் பட்டாம்பூச்சி அச்சடித்திருந்தது. மறுபாதியைக் குழந்தைகள் வரைய வேண்டும். அந்த இடம் வெள்ளையாகவே இருந்தது.

"எனக்கு இதெல்லாம் வராதும்மா. நீயே போட்டுக் குடுத்துடு."

சுருக்கென்றது எனக்கு. 'வராது' என்று அவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தது? என் ஈரக் கைதான்!

ஒரு கோணல் இதழை அழித்த கை, ஒரு குழந்தையின் தைரியத்தையும் சேர்த்து அழித்துவிடும். அதைத் திரும்பக் கொண்டுவர எனக்கு ஒரு மார்கழி முழுக்கத் தேவைப்பட்டது. அப்போது நான் செய்து பார்த்ததைத்தான் வயது வாரியாக இங்கே சொல்கிறேன். உங்களுக்கு அத்தனை நாள் ஆகாது.

முதல் படி: கண்ணாடி விளையாட்டு (4, 5 வயது)

இதற்குக் கோலப்பொடியே வேண்டாம். குழந்தையை எதிரில் உட்கார வையுங்கள். நீங்கள் வலது கையைத் தூக்கினால், அது கண்ணாடி மாதிரி தன் இடது கையைத் தூக்க வேண்டும். நீங்கள் தலையைச் சாய்த்தால் அதே பக்கம் அதுவும் சாய்க்க வேண்டும். சிரிப்பும் கும்மாளமுமாக 5 நிமிஷம் போதும்.

பிறகு ஒரு வெள்ளைத் தாளை நடுவில் மடித்துப் பிரியுங்கள். ஒரு பக்கம் மட்டும் ஒரு சொட்டு வாட்டர் கலர் விடுங்கள். மறுபடி மடித்து அழுத்தித் தேய்த்துப் பிரித்தால்... பட்டாம்பூச்சி! "இந்தப் பக்கம் எப்படி வந்துச்சு?" என்று குழந்தை கண்ணை விரிக்கும். நீங்கள் விளக்கம் சொல்ல அவசரப்பட வேண்டாம். நாலு தாள் மடித்தால் அதுவே கண்டுபிடித்துவிடும்.

இரண்டாம் படி: பாதி உனக்கு, பாதி எனக்கு (6, 7 வயது)

நேராக வாசலுக்குப் போகாதீர்கள். முதலில் சிலேட்டு, அப்புறம் சாக்பீஸோடு சிமென்ட் தரை, அதற்கப்புறம்தான் கோலப்பொடி. சாக்பீஸ் கோடு கை சொன்னபடி கேட்கும். பொடி, புதுக் கையில் கொட்டிக் குவியும்.

நேர்ப்புள்ளி 5–1 வையுங்கள். அதாவது நடு வரிசையில் 5 புள்ளி, மேலும் கீழும் 3, அதற்கு மேலும் கீழும் 1. மொத்தம் எத்தனை என்று குழந்தையையே எண்ணச் சொல்லுங்கள். 13 வரும். நடுவில் மேலிருந்து கீழாக ஒரு கோடு கிழியுங்கள். இடது பக்கம் நீங்கள் ஒரு வளைவு போட்டால், வலது பக்கம் குழந்தை அதே வளைவைப் போட வேண்டும். நீங்கள் ஒன்று, அது ஒன்று. இப்படியே கோலம் முடியட்டும்.

கோணலாக வந்தால்? இங்கேதான் உங்களுக்குப் பரீட்சை! கையை மடியில் வைத்துக்கொள்ளுங்கள். முகம் பார்க்கிற சின்னக் கண்ணாடியைக் கொண்டுவந்து நடுக்கோட்டின் மேல் செங்குத்தாக நிறுத்துங்கள். "கண்ணாடிக்குள்ள தெரியற பாதியும், நீ போட்ட பாதியும் ஒண்ணா இருக்கா, பாரு" என்று மட்டும் கேளுங்கள். தப்பை நீங்கள் சொன்னால் அது திட்டு. கண்ணாடி சொன்னால் அது விளையாட்டு.

எங்கள் வீட்டில் முதல் நாலு நாள், "நீயே போடும்மா" என்ற பல்லவிதான். ஐந்தாம் நாள் ஒரு வளைவு போட்டாள். கோணல்தான். நான் வாயைத் திறக்கவில்லை. இன்னும் சில நாள் கழித்து ஒரு காலையில் அவளே கண்ணாடியை வைத்துப் பார்த்துவிட்டு, "அம்மா, இந்தப் பக்கம் தொப்பை போட்டிருக்கும்மா!" என்று கத்தினாள். கத்திவிட்டு, தன் விரலாலேயே அழித்துத் திருத்தினாள். பார்த்தீர்களா, அழித்தது அதே மாதிரி ஓர் இதழைத்தான். ஆனால் இந்த முறை அழித்த கை அவளுடையது.

மூன்றாம் படி: ஒரே இழையில் சிக்குக் கோலம் (7, 8 வயது)

புள்ளி 3–1. நடுவில் 3, மேலே 1, கீழே 1. ஆக 5 புள்ளி. சிக்குக் கோலங்களில் ரொம்பப் பொடிசான ஒன்று இது.

நடுப்புள்ளிக்கும் மேல்புள்ளிக்கும் நடுவில் கையை வையுங்கள். அங்கிருந்து சாய்வாகக் கீழே வலது பக்கம் இறங்கி, நடுப்புள்ளிக்கும் வலது புள்ளிக்கும் நடுவே புகுந்து, வலது புள்ளியைக் கீழ்வழியாகச் சுற்றி, மேல்வழியாகத் திரும்பி, புகுந்த இடத்துக்கே வாருங்கள். வந்த கோட்டை வெட்டிக்கொண்டு சாய்வாகக் கீழே இடது பக்கம் போய், கீழ்ப்புள்ளியை அதே மாதிரி சுற்றுங்கள். அடுத்து இடது புள்ளி, கடைசியில் மேல்புள்ளி. தொடங்கிய இடத்திலேயே இழை வந்து முடியும். கையே எடுக்க வேண்டாம்!

இப்போது கேள்வி கேளுங்கள். "இந்தக் கோலத்தை எத்தனை விதமா மடிக்கலாம்?" நெட்டுவாக்கில் ஒன்று, குறுக்குவாக்கில் ஒன்று என்று இரண்டு சொல்லும். "இன்னும் இருக்கே" என்று விட்டுவிடுங்கள். மூலைக்கு மூலை இரண்டு கோட்டைக் கண்டுபிடிக்க ஒரு நாள் ஆகட்டுமே! மொத்தம் 4 கோடு.

அடுத்து, குழந்தையை எழுந்து கோலத்தின் நாலு பக்கமும் நின்று பார்க்கச் சொல்லுங்கள். எந்தப் பக்கம் நின்றாலும் கோலம் ஒரே மாதிரிதான் தெரியும். இதற்குச் சுழல் சமச்சீர் என்று பெயர். மடிப்பது ஒரு விதம், சுழற்றுவது இன்னொரு விதம். இரண்டும் ஒன்றல்ல. காகிதக் காற்றாடியைக் காட்டுங்கள். கால் சுற்றுச் சுற்றினால் பழையபடியே இருக்கும். ஆனால் அதன் படத்தை மடித்தால் பாதியும் பாதியும் ஒட்டாது. இறக்கைகள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்திருக்கின்றனவே! பெரிய சிக்குக் கோலங்களிலும் இப்படிச் சுழன்றால் மட்டும் பொருந்துகிறவை உண்டு. உங்கள் பழைய கோல நோட்டை எடுத்துவைத்து இருவரும் தேடுங்கள்.

"கோலத்தில் போய்க் கணக்கா?" என்று வீட்டில் யாராவது சிரித்தால், இதைச் சொல்லுங்கள். 1974-லேயே தாம்பரம் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூவரும் கோலங்களை வைத்து ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டார்கள். வாக்கியத்துக்கு இலக்கணம் இருப்பது போலக் கோலத்துக்கும் விதிகள் எழுதி, கம்ப்யூட்டருக்குப் புரிகிற விதமாக அதை விளக்கினார்கள். நம் பாட்டிகள் விதியை எழுதி வைக்கவில்லை; விரலில் வைத்திருந்தார்கள்!

நான்காம் படி: ஆறுமுக நட்சத்திரம் (9 வயதுக்கு மேல்)

ஊடுபுள்ளி 5–3. நடு வரிசையில் 5 புள்ளி. மேல் வரிசையில், கீழே உள்ள புள்ளிகளின் இடைவெளிக்கு நேராக 4. அதற்கு மேலே அதே மாதிரி 3. கீழ்ப்பக்கமும் இப்படியே 4, 3. மொத்தம் 19 புள்ளி. ஓரத்தைப் பாருங்கள், ஆறு மூலை தெரியும்.

நடு வரிசையின் இடது மூலை, மேல் வரிசையின் வலது மூலை, கீழ் வரிசையின் வலது மூலை. இந்த மூன்றையும் சேர்த்தால் ஒரு முக்கோணம். மிச்சமுள்ள மூன்று மூலைகளையும் சேர்த்தால் இன்னொரு முக்கோணம். ஆறுமுனை நட்சத்திரம் பிறந்துவிட்டது! மடிப்புக் கோடு எத்தனை? 6. முனைக்கு முனை 3, பள்ளத்துக்குப் பள்ளம் 3.

அப்படியே கோலத்தின் நடுவில் வைக்கிற பூசணிப் பூவையும் எண்ணச் சொல்லுங்கள். அதற்கு 5 இதழ். 5 மடிப்புக் கோடு. சாணி உருண்டையில் செருகுவதற்கு முன்னால் குழந்தையின் உள்ளங்கையில் ஒரு நிமிஷம் இருக்கட்டும்.

பனி நாட்டுக் குழந்தைகளின் கோலம்

நமக்கு மார்கழி என்றால் வாசல் கோலம். உறைபனி கொட்டுகிற நாடுகளில் டிசம்பர் மாதம் பள்ளிக் குழந்தைகள் காகிதத்தில் பனிப்பூ வெட்டி ஜன்னலில் ஒட்டுவார்கள். அங்கேயும் இதே பாடம்தான், இதே ஆறுதான்!

வானத்திலிருந்து விழும் பனிப்பூவுக்கு ஆறு கை ஏன் என்று 1611-லேயே ஒரு சின்னப் புத்தகம் எழுதினார் யோஹான்னஸ் கெப்ளர். கிரகங்கள் எப்படிச் சுற்றுகின்றன என்று விதி சொன்னாரே, அதே விஞ்ஞானிதான். அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் வில்சன் பென்ட்லி என்ற விவசாயி 1885-ல் மைக்ராஸ்கோப்போடு கேமராவை இணைத்துப் பனிப்பூவைப் படம் பிடித்தார். வாழ்நாளில் 5,000-க்கும் மேற்பட்ட படங்கள் எடுத்தார். தண்ணீர் உறையும்போது அதன் மூலக்கூறுகள் அறுகோண அமைப்பில் கைகோத்துக்கொள்கின்றன. ஆறு வருவதற்குக் காரணம் அதுதான்.

நம் வீட்டிலும் வெட்டிப் பார்க்கலாம். மெல்லிய சதுரத் தாளை மூலைக்கு மூலை மடித்து முக்கோணமாக்குங்கள். மடித்த நீளப் பக்கத்தின் நடுப்புள்ளியை முனையாக வைத்து, அந்த முக்கோணத்தை மூன்று சம பாகமாக மடியுங்கள். அதை இன்னொரு தடவை பாதியாக மடியுங்கள். இப்போது 12 அடுக்கு. மேலே நீட்டிக்கொண்டிருக்கும் வாலை வெட்டிவிட்டு, இரண்டு ஓரங்களிலும் அங்கங்கே சின்னச் சின்னதாக வெட்டிப் பிரியுங்கள். ஆறு கைப் பனிப்பூ! மூன்றாக மடிக்காமல் பாதி பாதியாகவே மடித்துக்கொண்டு போனால் எட்டு கை வரும். பார்க்க அழகுதான், ஆனால் பனிப்பூ ஆகாது. "ஏன் எட்டு வந்துச்சு?" என்ற கேள்வியே ஒரு நல்ல கணக்கு.

உடம்புக்கும் நல்லது

குந்தி உட்கார்ந்து, குனிந்து, நகர்ந்து போடுவதில் இடுப்புக்கும் தொடைக்கும் வேலை. கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து பொடியை அளந்து விடுவது, பென்சில் பிடிக்கிற விரல்களுக்கு நல்ல பயிற்சி. இடது பக்கம் பார்த்து வலது பக்கம் போடும்போது கண்ணும் கையும் ஒத்து வேலை செய்யப் பழகுகின்றன.

ஆண் குழந்தைகளையும் உட்கார வையுங்கள். "கோலம் பொம்பளைப் புள்ளைங்க சமாச்சாரம்" என்று பாட்டி முணுமுணுத்தால், "கணக்குப் போடறான் அத்தை" என்று சொல்லிவிடுங்கள். அது பொய்யும் இல்லை.

சில ஜாக்கிரதைகள்:

* கடையில் விற்கிற கோலப்பொடி பெரும்பாலும் கல்லை அரைத்த பொடி. அதன் தூசி மூச்சுக்கு ஆகாது. வீசிங், ஆஸ்துமா உள்ள குழந்தைக்கு ஈர மாக்கோலம் போதும். அரிசி மாவை நீரில் கரைத்து, துணியில் நனைத்துப் போடலாம். எறும்புக்கும் சாப்பாடு ஆச்சு.

* கலர் பொடி தொட்ட கையை வாயில், கண்ணில் வைக்க விடாதீர்கள். முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்.

* நாலு மணிக்கு எழுப்ப வேண்டாம். வளரும் குழந்தைக்குத் தூக்கம் முக்கியம். வெயில் எட்டிப் பார்க்கிற நேரத்தில் ஒரு மூலையை அதற்கென்று ஒதுக்கிவைத்தால் போதும். ஸ்வெட்டர், காலை மூடிய பேன்ட் இருக்கட்டும். கொசுக்கடிக்கும் அது பாதுகாப்பு.

* வண்டி போகிற தெருவா? கேட்டுக்கு உள்ளேயே போடுங்கள். மாடி வீடு, ஃப்ளாட் என்றால் பால்கனித் தரையே வாசல்.

* கத்தரிக்கோல் மழுங்கிய முனையுள்ளதாக, உங்கள் கண் முன்னால் மட்டும்.

டாக்டரிடம் எப்போது?

எழுதப் பழகும் வயதில் எண்களைத் திருப்பிப் போடுவதும், ஆங்கிலச் சின்ன எழுத்து 'பி'யையும் 'டி'யையும் மாற்றிப் போடுவதும் சகஜம். அதற்காக அடிக்காதீர்கள், பயப்படாதீர்கள். ஆனால் 7, 8 வயதைத் தாண்டியும் அது மாறாமல், படிப்பதிலும் திணறல் இருந்தால் குழந்தை நல மருத்துவரைப் பாருங்கள். புள்ளியை மிக அருகில் குனிந்து பார்ப்பது, ஒரு பக்கத்துப் புள்ளிகளை அடிக்கடி தவறவிடுவது, ஒரு கண்ணைச் சுருக்குவது தெரிந்தால் முதலில் கண் பரிசோதனை. கோலம் இதற்கெல்லாம் வைத்தியம் அல்ல. ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து கோலம் போடுகிற அம்மா கண்ணுக்கு, குறை சீக்கிரம் தென்படும். நோட்டுப் புத்தகத்தில் மார்க்கை மட்டும் பார்க்கிறவர்களுக்குத் தெரியாது.

கடைசியாக ஒரு வார்த்தை

என் பெண் இப்போது வாசலில் பாதி இடத்தைத் தனக்கென்று பிடித்துக்கொள்கிறாள். எங்கள் வாசலில் கோலம் சில நாள் அச்சாக இருக்கும், சில நாள் ஒரு பக்கம் தொப்பையோடு இருக்கும். தெருவில் போகிறவர்கள் பார்க்கிறார்கள். பார்க்கட்டுமே!

நாளைக் காலை உங்கள் வாண்டு வந்து நின்றால் விரட்டாதீர்கள். கொஞ்சம் நகர்ந்து உட்காருங்கள். டப்பாவை நீட்டுங்கள். "பாதி நான் போட்டுட்டேன். மீதியை நீ முடி" என்று சொல்லிவிட்டு, உங்கள் கையை மட்டும் கட்டிப்போட்டுக்கொள்ளுங்கள்.

பால் பொங்கினால் பரவாயில்லை. துடைத்துக்கொள்ளலாம்!